முயல் துண்டில் இரண்டு சிவப்பு

சோடா வாயைத் திறந்தான். அன்றைக்கு அவன் செய்த முதல் தப்பு அதுதான்.

பேசுவதற்காகத் திறந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அந்த வாய் மூடியிருந்தால்தான் அதிசயம். அவன் கொட்டாவி விடத் திறந்தான். கடைவாய்ப் பல்லில் சுரீரென்று இழுத்தது. "ஐயோ அம்மா!" என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டான். கத்தினதுதான் கத்தினான், இடம் பார்த்துக் கத்தக் கூடாதோ? பல் ஆஸ்பத்திரியில், பல் டாக்டருக்கு நேர் எதிரே நின்று கத்திவிட்டான்.

"வாங்க, நாற்காலியில உட்காருங்க. சும்மா பார்க்கிறேன்" என்றார் டாக்டர், தாலாட்டுக்குப் பக்கத்தில் போகும் குரலில்.

"வேணாம் டாக்டர். நாங்க விசாரணைக்கு வந்திருக்கோம்."

"விசாரிக்கிறது நான்" என்றாள் அக்கா. "நீ உட்காரு."

அக்கா அவனுக்கு உறவுமுறையில் ஒன்றும் ஆக மாட்டாள். அந்தத் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி, மூளை, ஓட்டுநர் எல்லாம் அவளே. மிச்சம் மீதி இருக்கும் வேலைகளுக்கெல்லாம் சோடா. பாட்டில் அடி போன்ற மூக்குக் கண்ணாடியால் வந்த பெயர் அது. முப்பத்தைந்து வயதாகியும் போகவில்லை.

குழந்தைகளுக்கு மட்டுமான ஆஸ்பத்திரி என்பதால் நாற்காலியும் குழந்தை அளவுதான். சோடாவின் முழங்கால் இரண்டும் அவன் தாடைக்கு வந்தன. தலைக்கு மேல் கூரையில் மீன்கள் வரைந்திருந்தார்கள். எல்லா மீனுக்கும் பல் இருந்தது.

"இது என்ன டாக்டர், கையில ஊசியா?"

"இங்க ஊசிங்கிற வார்த்தையே கிடையாது" என்று சிரித்தார் டாக்டர். அவரை அங்கே எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். "எறும்புன்னு சொல்லுவோம். பல்லைக் குடையற மெஷின் விசில் வண்டி. பல்லைப் பிடுங்க மாட்டோம், பல்லுக்கு லீவு குடுப்போம். பயம் பாதி வார்த்தையிலதான் இருக்கு. இருபது வருஷமா என் நர்சுங்க வாயில கெட்ட வார்த்தை வந்தது கிடையாது."

"மயக்க மருந்துக்கு என்ன பேரு டாக்டர்?" என்றாள் அக்கா, சுவரில் இருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டே.

டாக்டரின் கை ஒரு கணம் நின்று பிறகு நகர்ந்தது.

"அதெல்லாம் மயக்க டாக்டர் பார்த்துக்கறது. நமக்குப் பல்லு மட்டும்தான்." அவர் தன் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். "பல்லுல பெரிய குழி இருக்கு தம்பி. இப்போதைக்கு இந்த மருந்துத் தண்ணியால கொப்பளிங்க. கசக்கும், அதனால இந்தப் பாட்டில்ல இருக்கிற செர்ரி எசன்ஸைக் கொஞ்சம் விட்டுத் தரேன்."

சோடா கொப்பளித்தான். பாதி கிண்ணத்தில் விழுந்தது, மீதி தாடையில் வழிந்தது. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

"வலி போச்சா?" என்றாள் அக்கா.

"இருக்கு. ஆனா இப்ப செர்ரி வாசனையோட இருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவள் கையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டை டப் டப்பென்று திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை என்றால் அந்தக் கூடு படாத பாடு படும்.

இருப்புக் கொள்ளாததற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் காலை, அதே நாற்காலியில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று படுத்திருந்தது. வீட்டில் அதற்கு மிட்டாய் என்று பெயர். அந்தப் பெயர் வந்த காரணத்தாலேயே பல்லும் போயிருந்தது. இத்தனை பல்லைச் சரிசெய்யும் வரை எந்தக் குழந்தையும் ஆடாமல் அசையாமல் படுத்திருக்காது என்பதால், அரைத் தூக்கத்தில் ஆழ்த்த ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். குழந்தையின் எடைக்குத் தகுந்த அளவு, அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. மிட்டாய் அரைத் தூக்கத்தோடு நிற்கவில்லை. ஆழத்துக்குப் போனது. மூச்சு குறைந்தது. மயக்க டாக்டர்தான் முதலில் பார்த்தாள். முகமூடியை வைத்து அழுத்தி, அதில் இருந்த காற்றுப் பையைத் தன் கையாலேயே அமுக்கிக் குழந்தைக்கு மூச்சு கொடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உயிர் நின்றது. குழந்தை இன்னும் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தது.

மருந்துப் பாட்டிலைப் பார்த்தால் இரண்டு பேருக்கான அளவு குறைந்திருந்தது. அன்றைக்கு அந்த மருந்தைக் குடித்தது ஒரே ஒரு குழந்தை. மருந்து பீரோவின் சாவி மயக்க டாக்டரிடம். கை தவறி இரட்டிப்பாக ஊற்றிவிட்டாள் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். இன்று சாயங்காலம் மருத்துவக் குழுவின் அவசரக் கூட்டம். அது முடிந்தால் அவள் இனி டாக்டர் இல்லை. வாசலில் போலீஸ் வேறு காத்திருக்கும்.

"கூட்டத்துக்கு நானும் சாட்சி சொல்லப் போறேன்" என்றார் பெரிய டாக்டர், வருத்தமாக. "நல்ல பொண்ணு. அளவுல ஒரு தப்பு நடந்துபோச்சு. என்ன பண்றது?"

* * *

காரின் பின் இருக்கையில் கட்சிக்காரர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முறைப்பாக உட்கார்ந்திருந்தார். மயக்க டாக்டரின் மாமியார்.

மாமியார் வந்து மருமகளைக் காப்பாற்றச் சொல்லி வழக்குக் கொடுத்ததை சோடாவால் இன்னும் நம்ப முடியவில்லை. "ஏம்மா, ஆள் மாறி வந்துட்டீங்களா? காப்பாத்தச் சொல்றீங்களா, மாட்டிவிடச் சொல்றீங்களா?" என்று அவர் வந்த உடனேயே கேட்டு, அக்காவிடம் முழங்கையால் ஒரு குத்து வாங்கியிருந்தான்.

"என்ன சொன்னார் அந்த டாக்டர்?" என்றார் மாமியார்.

"அளவுல தப்பு நடந்துபோச்சாம்" என்றாள் அக்கா, காரைக் கிளப்பிக்கொண்டே.

"அளவுலயா? அவளா?" மாமியாருக்குக் குரல் ஏறியது. "நாலு வருஷமா எங்க வீட்ல சண்டையே அந்த அளவுக்குத்தான்! என் காப்பியில சர்க்கரையை ஸ்பூனால எடுத்து, கத்தியால வழிச்சு, தட்டையாக்கித்தான் போடுவா. மேல ஒரு துணுக்கு நின்னா அதையும் தட்டிவிடுவா. 'உங்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்கு அத்தை'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. வந்த சொந்தக்காரங்க முன்னாடி சொல்லுவா! ஒரு நாளாவது கை கூட வந்திருக்குமா? வந்திருந்தா நான் ஏன் சண்டை போடறேன்?"

"இதைக் குழு முன்னாடி சொன்னா கேஸ் முடிஞ்சுது" என்றான் சோடா. "சாட்சி: ஒரு கசப்புக் காப்பி."

"சிரிக்காதீங்க தம்பி. பொய் சொல்லவும் தெரியாது, பூசி மெழுகவும் தெரியாது அவளுக்கு. குழந்தைங்ககிட்டயும் அப்படித்தான். 'இது மருந்து, கசக்கும், குடிச்சிடு'ன்னுதான் சொல்லுவா. எறும்பு, விசில்னு அந்தப் பெரிய டாக்டர் வெச்சிருக்கிற பேரு ஒண்ணையும் வாயால சொல்ல மாட்டா. அதுலதான் ரெண்டு பேருக்கும் ஒத்தே வராது." மாமியார் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நேத்து ராத்திரி சாப்பிடவே இல்ல அவ. சமையல்கட்டுல நின்னுகிட்டு வெறும் அடுப்பையே பார்த்துட்டிருந்தா. எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. அப்பவும் அளந்துதான் போட்டா. என்னால குடிக்க முடியல."

சோடா வாயில் வந்த அடுத்த கிண்டலை விழுங்கிக்கொண்டான்.

அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்னொரு கையால் ஒரு காகித உறையை சோடாவின் மடியில் போட்டாள். காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் மிட்டாயின் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய உறை. நாற்காலியில் படுக்கும் குழந்தைகளுக்குக் கழுத்தில் கட்டும் துண்டு அதில் இருந்தது. வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் முயல் படம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் கழுத்தோடு போயிருந்தது.

"நல்லா பாரு. என்ன தெரியுது?"

சோடா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "தாடைக்கு நேரா ஒரு சிவப்புக் கறை. இடது பக்கம் தோள்கிட்ட இன்னொண்ணு. குழந்தை மருந்தைத் துப்பியிருக்கு. நானா இருந்தாலும் துப்பியிருப்பேன்."

"ஒரு மடக்கு மருந்து. துப்பினா ஒரு பக்கம் வழியும். ரெண்டு பக்கம் எப்படி வழியுது?"

"தலையைத் திருப்பியிருக்கும்."

"இருக்கலாம். இல்லன்னா ரெண்டு தடவை குடுத்திருக்கலாம்."

"ரெண்டும் ஒரே சிவப்பு அக்கா. ஒரே மருந்து."

"உன் கண்ணுக்கு" என்றாள் அக்கா. "உன் கண்ணை நம்பி நான் ரோட்டைக் கூட தாண்ட மாட்டேன்."

* * *

அக்காவின் கல்லூரித் தோழர் ஒருவர் ஊர்க்கோடியில் ஒரு பழைய கிடங்கில் கேமரா செய்துகொண்டிருந்தார். கல்யாண கேமரா இல்லை. பட்டாணி ஆலைகளுக்குப் பட்டாணியையும் பட்டாணி நிறத்திலேயே இருக்கும் கல்லையும் பிரித்துக் காட்டும் கேமரா. அந்தப் பித்தில் தலைமுடி பாதி கொட்டிப்போயிருந்தது. தெரிந்தவர்கள் அவரை வானவில் என்று கூப்பிட்டார்கள்.

கேமரா பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஒரு இரும்புச் சட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் கறுப்புப் பெட்டி. இரண்டு பக்கமும் சூடாக எரியும் விளக்கு. கீழே பல்சக்கரத்தில் நகரும் ஒரு நீளத் தட்டு.

"நம்ம கண்ணு நிறத்தை மூணே மூணு கூடையில போட்டு எண்ணுது" என்றார் வானவில், யாரும் கேட்பதற்கு முன்பே. "சிவப்பு, பச்சை, நீலம். ரெண்டு சாயம் வேற வேறயா இருந்தாலும், மூணு கூடையிலயும் ஒரே கணக்கா விழுந்துட்டா நமக்கு ஒரே நிறம்தான். இது வெளிச்சத்தைப் பிரிச்சு இருநூறு கூடையில போடும். அத்தனையிலயும் ஏமாத்த முடியாது."

"இதுக்குக் கண்ணாடி தேவைப்படாதா?" என்றான் சோடா ஏக்கமாக.

"ஒரே ஒரு குறை. ஒரு நேரத்துல ஒரு கோடுதான் பார்க்கும். தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு. தட்டு நகர நகரக் கோடு கோடா சேர்த்து முழுப் படமாக்கணும். மெதுவாத்தான் போகும். அவசரப்படுத்தினா படம் கெட்டுடும்."

"எங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்" என்றாள் அக்கா.

"அது கேமராவுக்குத் தெரியாதே."

துண்டைத் தட்டில் விரிக்கும் வேலை சோடாவுக்கு வந்தது. கையில் வைத்திருந்ததைத் தட்டின் மூலையில் போட்டுவிட்டு, முயல்களைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டான். வானவில் ட்யூப் லைட்டை அணைத்தார். முதலில் ஒரு வெள்ளை டைலை வைத்து, வெள்ளை என்றால் என்ன என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு மூடியைப் போட்டு, இருட்டு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார். "இந்த ரெண்டும் சரியாத் தெரிஞ்சாத்தான் நடுவுல இருக்கிறதெல்லாம் சரியாத் தெரியும்" என்றார்.

"என் மருமக மாதிரியே இருக்கு" என்றார் மாமியார்.

தட்டு நகர ஆரம்பித்தது. நகர்கிறது என்று சொன்னால்தான் தெரியும். திரையில் மேலிருந்து ஒவ்வொரு கோடாகப் படம் இறங்கிவந்தது. அக்கா நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். மாமியார் கைப்பையின் வாயைத் திறந்து உள்ளே எதையோ தேடி, கிடைக்காமல் மூடினார். சோடாவின் பல் விண் விண்ணென்று தெறித்தது. வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

பாதிப் படத்தில் முயல்கள் எல்லாம் அலை அலையாக நெளிந்தன.

"யாரு காலை ஆட்டுறது?" என்று கத்தினார் வானவில். "தரை அதிருது! தரை அதிர்ந்தா மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தா எல்லாம் போச்சு!"

எல்லோரும் சோடாவைப் பார்த்தார்கள். சோடா அக்காவின் காலைப் பார்த்தான்.

"மறுபடி முதல்ல இருந்து" என்றார் வானவில்.

அக்காவைப் பிடித்து ஒரு மரப்பெட்டியின் மேல் உட்காரவைத்து, கால் தரையில் படாமல் தூக்கிக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணாடிக் கூட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை போல அவள் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை சோடா ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை.

இரண்டாம் முறை படம் சுத்தமாக வந்தது. வானவில் தாடைக்கு நேரே இருந்த கறையை அம்புக்குறியால் தொட்டு, "இதே சாயம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் பச்சை அடி" என்று கேமராவுக்குக் கட்டளை கொடுத்தார். தாடைக் கறை பச்சையானது. தோள்பக்கத்துக் கறை அசையவில்லை. அப்படியே சிவப்பாக இருந்தது.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு சாயம்" என்றாள் அக்கா, பெட்டியிலிருந்து குதித்து. "ரெண்டு தடவை. இந்தத் துண்டைக் கட்டினதே அந்த நாற்காலியிலதான். அப்போ ரெண்டும் ஆஸ்பத்திரிக்குள்ள நடந்திருக்கு."

"இருங்க, ரெண்டாவதையும் தேடிடறேன்" என்றார் வானவில். தோள்பக்கத்துக் கறையைத் தொட்டார். "இதே சாயம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் நீலம்."

தோள்கறை நீலமானது. கூடவே படத்தின் மூலையில் இன்னொரு இடமும் நீலமாக மின்னியது. அது முயல் துண்டே இல்லை.

"அது என்ன?" என்றார் வானவில்.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். தட்டின் மூலையில் சோடாவின் கைக்குட்டை சுருண்டு கிடந்தது.

மாமியார் மெதுவாகத் திரும்பி சோடாவைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

"அம்மா, சத்தியமா நான் இல்ல! நேத்து நான் அந்தப் பக்கமே போகல. நான் வாயைத் துடைச்ச கைக்குட்டை அது, காலையில அந்த டாக்டர்..." அவன் நிறுத்தினான். நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போனது. வலி அங்கேயே இருந்தது, வாசனையோடு. "செர்ரி" என்றான்.

"எங்க இருந்து எடுத்தார் அந்தப் பாட்டிலை?"

"அவர் மேஜைக்குக் கீழ இருக்கிற இழுப்பறையில இருந்து."

"அம்மா, உங்க மருமக மருந்துல எந்த வாசனை கலப்பா?"

"ஸ்ட்ராபெரி" என்றார் மாமியார். "அதையும் அளந்துதான்."

அக்கா அதற்குள் மிட்டாயின் அப்பாவுக்குப் போன் போட்டிருந்தாள். எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"மறுபடியும் என்ன? அந்தப் பொம்பளைக்கு வக்காலத்து வாங்கிட்டு எனக்குப் போன் பண்ணாதீங்க!" என்று வெடித்தது அப்பாவின் குரல். தூங்காத குரல்.

"ஒரே ஒரு கேள்வி சார். நேத்து மயக்க டாக்டர் மருந்து குடுத்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன். மருந்துன்னு சொல்லிக் குடுத்தாங்க. பாப்பா கொஞ்சம் துப்பினா. அப்புறம் அவங்க ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்க்கணும்னு பக்கத்து ரூமுக்குப் போனாங்க."

"அப்புறம் வேற யாராவது வந்து உங்களை ஏதாவது கேட்டாங்களா?"

"பெரிய டாக்டர் வந்தார். ரொம்ப அவசரத்துல இருந்தார். 'ஜூஸ் குடிச்சாச்சா?'ன்னு கேட்டார்."

அக்கா கண்ணை மூடினாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஜூஸா? சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கலைங்கன்னு சொன்னேன். வெறும் வயித்தோட கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தாங்களே, ராத்திரியில இருந்து அழ அழ ஒண்ணும் குடுக்காம கூட்டிட்டு வந்தோம். அவர் ஏன் கேட்கிறார்னுகூட நினைச்சேன். அப்புறம் நான் வெளிய வந்து உட்கார்ந்தேன்." அப்பா பேசிக்கொண்டே போய் திடீரென்று நின்றார். "ஏன் கேக்கறீங்க? ஜூஸ்னா... என்னது?"

அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ" என்றார் அப்பா. "நான் 'இல்ல'ன்னு சொன்னதாலயா?"

"உங்ககிட்ட கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னீங்க சார்" என்றாள் அக்கா. அவள் குரல் அப்படிக் குழைந்து சோடா கேட்டதில்லை. "கேள்விதான் தப்பு. அதை நான் எழுதியே தரேன்."

* * *

பெரிய டாக்டர் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கோட்டில் ஒரு கை மாட்டியிருந்தது, ஒரு கை தொங்கியது. நர்சுகள் போய்விட்டிருந்தார்கள். கூடத்தில் இவர்கள் நாலு பேரும் கூரையில் இருந்த மீன்களும்தான்.

"மறுபடியும் பல் வலியா தம்பி?"

"வலி அதேதான் டாக்டர். நீங்க குடுத்த செர்ரிதான் ஊரெல்லாம் பேசுது" என்றான் சோடா.

அக்கா முயல் துண்டின் படத்தை மேஜையில் வைத்தாள். ஒரு கறை பச்சை, ஒரு கறை நீலம். பக்கத்தில் கைக்குட்டை, அதுவும் நீலம்.

"பச்சை, மயக்க டாக்டர் குடுத்தது. நீலம் உங்க இழுப்பறையில இருக்கிற செர்ரி. வெறும் வயித்தோட இருக்க வேண்டிய குழந்தை டாக்டர் அது. அதுக்கு எதுக்கு செர்ரி குடுத்தீங்க?"

"ஒரு வேளை... வாய் கொப்பளிக்க..."

"நாலு வயசுக் குழந்தை, அரைத் தூக்கத்துல கொப்பளிச்சுதா? அப்போ பாட்டில்ல குறைஞ்ச ரெண்டாவது அளவு எங்க போச்சு? பீரோவோட இன்னொரு சாவி எங்க இருக்கு? உங்க சட்டைப்பையில இருந்தா இப்பவே எடுத்து வைங்க, இழுப்பறையில இருந்தா சோடா எடுப்பான்."

டாக்டர் தொங்கிய கையைக் கோட்டுக்குள் விடப் பார்த்தார். அது நுழையவில்லை. பக்கத்தில் இருந்த யானை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷன் அவ்வளவு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே சோடாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் நேற்றிலிருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருத்தியை நினைத்ததும் அந்தச் சங்கடம் போய்விட்டது.

"வெளிய எத்தனை குழந்தைங்க காத்திட்டிருந்தாங்க தெரியுமா?" என்றார் டாக்டர். "அந்தப் பொண்ணு எல்லாத்தையும் ரெண்டு தடவை சரிபார்ப்பா. லேட்டாயிட்டே இருந்தது. அப்பாகிட்டக் கேட்டேன், இல்லன்னார். சரி, நாமே குடுத்துடலாம்னு..."

"என்ன குடுத்தீங்க?"

"ஜூஸ்."

"என்ன?"

"அதான்... தூக்க ஜூஸ்."

அக்கா குனிந்து அவர் முகத்துக்கு நேரே வந்தாள்.

"இங்க குழந்தைங்க யாரும் இல்ல, டாக்டர்."

டாக்டரின் வாய் திறந்தது, மூடியது. இருபது வருஷமாகப் பழக்கமில்லாத வார்த்தை. லேசில் வரவில்லை. வரும்போது அவர் குரலில் தாலாட்டு இல்லை.

"மயக்க மருந்து" என்றார். "ரெண்டாவது அளவு. நான்தான் குடுத்தேன். குழந்தை மூச்சு குறைஞ்சப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வாயைத் திறக்க முடியல."

"அவ குழந்தைக்கு மூச்சு குடுத்திட்டு ஓடினா" என்றார் மாமியார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. "ஒரு அளவுதான் உள்ள போயிருக்குன்னு நினைச்சுகிட்டு ஓடினா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவளுக்கும் அங்க இருந்த டாக்டருங்களுக்கும் எவ்வளவு உதவியா இருந்திருக்கும்? ஒரே ஒரு வார்த்தை."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுந்திருங்க" என்றாள் அக்கா. "கூட்டத்துக்கு என் கார்லயே போகலாம். இப்ப சொன்ன அதே வார்த்தையை அங்கயும் சொல்லணும். செல்லப்பேர் வேணாம்."

* * *

கூட்ட அறையின் கதவு ரொம்ப நேரம் மூடியே இருந்தது. வெளியே நடைகூடத்தில் அக்கா மேலும் கீழும் நடந்தாள். கண்ணாடிக் கூடு மறுபடி டப் டப்பென்றது. நடுவில் மிட்டாயின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. அவர் அழுதுகொண்டே சிரித்தார். பாப்பா முழித்துவிட்டாள், நன்றாக முழித்துவிட்டாள், முதல் வார்த்தையாக மிட்டாய் கேட்டாள், டாக்டரம்மா எங்கே, அவங்க காலில் விழணும் என்றார்.

கதவு திறந்தது. மயக்க டாக்டர் வெளியே வந்தாள். ஒல்லியான பெண், கசங்கிய சட்டை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. கையில் அவளுடைய அடையாள அட்டை இருந்தது. திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் அவளிடம் போனார். கட்டிப்பிடிப்பார் என்று சோடா எதிர்பார்த்தான். அவர் அட்டையை வாங்கி, நூலை நேராக்கி, மருமகளின் கழுத்தில் மாட்டிவிட்டு, காலரைச் சரிசெய்தார்.

"குழந்தை முழிச்சாச்சு" என்றார்.

மருமகள் தலையசைத்தாள். "அத்தை, நீங்க மத்தியானம் மாத்திரை போட்டீங்களா?"

"போடல. வா, வீட்டுக்குப் போலாம். நேத்தில இருந்து ஒரு வாய் நல்ல காப்பி குடிக்கல நான்."

"போட்டுத் தரேன் அத்தை. இன்னைக்கு ஒரு நாளைக்கு வேணும்னா, சர்க்கரை கொஞ்சம்..."

"ஒண்ணும் வேணாம்" என்றார் மாமியார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "நீ எப்பவும் போடற மாதிரி அளந்தே போடு."